கார் மட்டும் இல்லாத சுற்றுலா

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, என் முழங்கால் கேட்டால் சிரிக்கும், அதனால் நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எனக்குப் பாதி உடம்பு சரியாகிவிடும். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இன்னும் புது ஆள் போடவில்லை, இருக்கிற எங்கள் தலையிலேயே எல்லாம் விழுகிறது, விரிப்பு மடித்து மடித்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. மேற்பார்வைக்காரியிடம் லீவு கேட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் கடைசியில் கொடுத்துவிட்டாள், அதனால் நாங்கள் வருவது வருவதுதான், அதில் மாற்றமில்லை.

நீ போனில் அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பா கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தார். முதலில் கடற்கரை, அப்புறம் தீவுகள், அப்புறம் மலை, கடைசியில் பெரிய பெரிய நகரங்கள். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. கோபித்துக்கொள்ளாதே, ஆசை ஆசையாகத்தான் போட்டிருக்கிறாய், ஆனால் ராத்திரிக்கு ஒரு ஓட்டல், பெட்டியைத் திறப்பதும் மூடுவதும், எனக்கு ஓட்டல் படுக்கை என்றாலே யாரோ ஒருத்தி துவைத்து மடிக்கப்போகிற விரிப்புதான் கண்ணில் தெரிகிறது. அத்தனை தீவு எதற்கு, எல்லாவற்றையும் சுற்றி இருப்பது அதே தண்ணீர்தானே. உன் சமையலறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடு, நீ குறுக்கும் நெடுக்கும் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அது போதும்.

நான் ஊர்களைப் படித்தேன், அப்பா வண்டிகளைப் படித்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதருக்கு வேறு எது கண்ணில் படும். கடற்கரைக்கு ரயில், தீவுக்குப் படகு, மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கிப் போகிற பெட்டி, நகரத்துக்குச் சுற்றுலா பஸ் என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அவகிட்ட கார் இருக்குல்ல என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதோடு தாளை மடித்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, திட்டம் முழுக்க உன் கார் மட்டும் இல்லை. போன தடவை நீ வந்தபோது அத்தை மகள் கல்யாணத்துக்கு வாடகைக் கார் எடுத்து நீதான் ஓட்டினாய். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கியரை மாற்று, பிரேக்கை மிதி, ஒதுங்கிப் போ என்று வழி முழுக்க உன் உயிரை எடுத்துவிட்டு, மண்டப வாசலில் அத்தனை சொந்தக்காரர்களும் பார்க்க உன்னை இறங்கச் சொல்லித் தானே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். சித்தப்பா அடித்த கிண்டலில் எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, உனக்கு எப்படி இருந்திருக்கும். அதை மறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து போனை அவர் எடுத்தால் அம்மா இருக்காங்களா என்கிறாய், அவரும் பேசாமல் என்னிடம் நீட்டிவிடுகிறார். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று உங்கள் இரண்டு பேர் பேச்சையும் சுமந்து எனக்கு அலுத்துவிட்டதம்மா. வேலையில் வருகிற அலுப்பு படுத்து எழுந்தால் போய்விடும், இது போகவில்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் கட்டிப்போட்டிருந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பதறாதே. இனிமேல் எந்த வண்டியையும் ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஓரப் பார்வை குறைந்துவிட்டதாம், நேர் எதிரே இருப்பது மட்டும்தான் சரியாகத் தெரிகிறதாம். சொட்டு மருந்து போடுகிறோம், இதற்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்கூட்டரை எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் தள்ளிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, குளிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. இப்போது எங்கே போனாலும் பஸ்தான். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து நின்றார். மலைக்கு மட்டும் கார்ல போலாமான்னு ஹாரனைக் கேளு என்றார். கைக்குழந்தையில் நீ கத்திய கத்தலுக்கு அவர் வைத்த பெயர், அவர் வாயில் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. எனக்கு இருந்த கடுப்பில், பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் வாய் சும்மா இருக்குமா, மறுபடியும் அவளை அழவைக்கவா என்று கேட்டுவிட்டேன். அச்செடுத்த திட்டத்தை எடுத்து மறுபடி ஒரு தடவை பார்த்தார். அப்புறம், “நான் பின்சீட்டுல உக்காந்துக்கறேன்னு எழுது. அவ ஓட்டட்டும்” என்றார். யார் காரில் ஏறினாலும் முன்கதவைத் தவிர வேறு கதவைத் தொடாத மனிதர். எனக்கு அழுகை வந்துவிட்டது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன்.

அதனால் தீவுகளை எடுத்துவிடு, நகரங்களையும் எடுத்துவிடு. மலையை மட்டும் வை, மீதி நாளெல்லாம் உன் வீட்டிலேயே கிடக்கிறோம். நீ ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆயுளும் சேர்த்து உனக்கு இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பின்சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், அவரை உன் பக்கத்திலேயே உட்கார வை. வாயைத் திறக்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. கால் மட்டும் தரையை அழுத்தும், நீ பார்க்காத மாதிரி ஓட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா