தகுதியுள்ள ஏழை

அண்ணை,

இன்று தபால்பெட்டியில் உங்கள் முகம் கிடந்தது. நன்கொடை கேட்கும் மடிப்புத்தாள். சிவப்புச் செங்கல் வீட்டு வாசலில் கதிரை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வாசலால் உங்களை வெளியே அனுப்பியவர்கள்தான் அதை அச்சடித்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போக்கிடமில்லாத முதியவர்களுக்காக ஒரு கம்பளி வியாபாரி எப்போதோ கட்டிவிட்ட வீட்டு வரிசை அது. வாசல் கல்லில் அவர் பெயர், கீழே ‘தகுதியுள்ள ஏழைகளுக்கு’ என்று ஒரு வரி. மொழிபெயர்க்க வந்த நான் வாசித்துச் சொன்னேன்.

“ஏழைக்கும் சோதினை வைக்கிறாங்களோ?” என்று சிரித்தீர்கள்.

உள்ளே, அந்த வீடுகளை நடத்தும் குழுவின் தலைவி பெருமையாகச் சரித்திரம் சொன்னார். இங்கிலாந்தில் இப்படியான தரும வீடுகள் பல நூறு வருடங்களாக இருக்கின்றனவாம். அங்கே தங்கிய ஏழைகள் சட்டையில் சின்னம் குத்திக்கொண்டு, கட்டிக்கொடுத்தவரின் ஆன்மாவுக்காக நாள்தோறும் செபிக்க வேண்டுமாம். பிறகு குடிப்பீர்களா, சத்தம் போடுவீர்களா என்று உங்களைக் கேட்டார். சோதினையில் பாஸ். திரும்பும்போது, ஊர் மடத்தில் படுக்க வருபவனை யாரென்றுகூடக் கேட்பதில்லை என்றீர்கள்.

அடுத்த குளிர்காலம். படகில் வந்து, தடுப்பு முகாமிலிருந்து விடப்பட்ட மன்னார்க்காரர் ஒருவர் இடமில்லாமல் நின்றார். உங்கள் அறையில் பாய் விரித்துக் கொடுத்தீர்கள். விருந்தாளி இரவு தங்கக்கூடாது என்பது விதி. அவரை அனுப்பினால் நீங்கள் இருக்கலாம் என்றார் தலைவி. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

“மழைக்குள்ள ஒருத்தரை விட்டுட்டு நான் என்னெண்டு படுக்கிறது? போறம் எண்டு சொல்லு.”

போறன் இல்லை, போறம். நாங்கள் போகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எத்தனை பேர் என்று தலைவி குழம்பினார்.

நோபல் பார்க் புறநகரில் ஒரு கராஜில் இருவரும் இருந்தீர்கள். ஈரச் சுவர். நெஞ்சுச்சளி உங்களைக் கொண்டுபோனது. குழுவைக் கேட்டால், ஒருவர்மேலும் பிழை சொல்ல முடியாதாம், எல்லாம் விதிப்படிதானாம். இன்று குழுவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, மடிப்புத்தாளிலிருந்து உங்கள் படத்தை நீக்கச் சொன்னேன். எவ்வளவு நன்றியோடு சிரிக்கிறார் பாருங்கள் என்றாள் அங்கிருந்த பெண்.

இந்தக் கோபம் ஆறாது அண்ணை, ஆறவும் விடமாட்டேன். மன்னார்க்காரர் இப்போது என்னோடு இருக்கிறார், அவரின் பாய் என் முன்னறையில் கிடக்கிறது. போன கிழமை வீட்டுச் சொந்தக்காரர் வந்து அதைப் பார்த்துவிட்டு, இங்கே யார் இருப்பது என்று கேட்டார்.

நாங்கள், என்றேன்.