வயிற்றுக்குத்துக்கு எட்டுப் புள்ளி

என் அருமை ராணி மச்சாளுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதமாகிறது. இதை எழுத இன்று மூன்றாம் தரம் உட்காருகிறேன். முதல் தரம் குசினியில் ஏதோ கருகுகிறதென்று எழும்பி ஓடினேன். அடுப்பே மூட்டியிருக்கவில்லை. இரண்டாம் தரம் படலை சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். சாத்தித்தான் இருந்தது. நீ இருந்திருந்தால், "எடி தவம், ஓரிடத்தில இருக்க ஏலாதோ உனக்கு?" என்று கேட்டிருப்பாய். ஏலாதுதான், மச்சாள்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். உன் மகள் சுகிக்குப் பேப்பர் எல்லாம் சரிவந்துவிட்டது. உன் மனுசன், என் அண்ணன், கனடாவிலிருந்து எழுதியிருக்கிறார். வருகிற மாதம் நான் அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து போகிற ஒரு குடும்பத்தோடு ஏற்றிவிட வேண்டும். நீயும் அவளும் சேர்ந்து போயிருக்க வேண்டிய பயணம். உன்னுடைய பச்சைச் சூட்கேசில்தான் அவளுடைய சட்டைகளை அடுக்குகிறேன். அடுக்குகிறேன், எடுக்கிறேன், மறுபடி அடுக்குகிறேன்.

அந்தக் கடிதத்தின் கடைசியிலும் அண்ணன் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். "ராணி கடைசியா என்ன சொன்னவள் எண்டு இன்னொருக்கா எழுது, தவம்." பதினொரு மாதமாக ஒரு கடிதமும் அந்தக் கேள்வி இல்லாமல் வந்ததில்லை. அவருக்கு நான் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியுமா?

கனடா விசா இன்டர்வியூவுக்கு உன்னைத் தயார்ப்படுத்த அண்ணன் கண்டுபிடித்த வழி உனக்கு மறந்திருக்காது. கிழமைக்கு ஓர் இங்கிலிஷ் சொல்லைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். அந்தக் கிழமை முழுக்க வாய் திறக்கிற இடமெல்லாம் அதைப் போட்டுப் பேச வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். ஆனாலும் இங்கிலிஷில் உன்னைவிட நான் ஒரு நூல் கூட என்று, நீ சொல்கிற ஒவ்வொரு வசனத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று என்னைப் புள்ளி போட வைத்தாய். கொப்பியில் கோடெல்லாம் அடித்துத் தந்தாய்.

அந்தக் கடைசிக் கிழமை வந்தது "அகெய்ன் அன்ட் அகெய்ன்". திரும்பத் திரும்ப என்று அர்த்தம். உனக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது. "கட்டாக்காலிக் குதிரை அகெய்ன் அன்ட் அகெய்ன் கிணத்தடிக்கு வருது." ஐந்து புள்ளி. "சுகி அகெய்ன் அன்ட் அகெய்ன் சீப்பைத் துலைக்கிறாள்." ஆறு. மீன்காரரிடமும் சொன்னாய், அந்த மனுசன் பயந்துபோய் ஒரு மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

வயிறு நோக. பார், என்ன எழுதுகிறேன் என்று.

வியாழக்கிழமை காலை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "மச்சாள், வயித்துக்குத்து அகெய்ன் அன்ட் அகெய்ன் வருது" என்றாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திறமான வசனம். எட்டுப் புள்ளி!" என்றேன். நீயும் சிரித்தாய். ஏன் சிரித்தாய், மச்சாள்? எட்டுப் புள்ளி கிடைத்த சந்தோசமா? இல்லை, காலமை வேலைக்குள் என்னைக் கரைச்சல்படுத்தக் கூடாதென்றா? இதைத்தான் நான் படலைக்கும் அடுப்படிக்கும் நடுவில் நடந்து நடந்து உன்னிடம் கேட்கிறேன்.

அப்போது லோஞ்ச் துறையில்தான் நின்றது. நெடுந்தீவிலிருந்து அக்கரைக் குறிகட்டுவானுக்கு அன்றைக்கு அந்தப் படகு ஒன்றுதான். அதன் ஊதல் கேட்டது எனக்கு நல்ல ஞாபகம். தேங்காயைப் பிழிந்துகொண்டே கேட்டேன்.

மத்தியானம் உனக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. பாயில் சுருண்டு கிடந்து என் கையைப் பிடித்து, "மச்சாள், இப்ப சொல்லுறது வசனமில்லை" என்றாய். அதற்குப் பிறகு நீ தெளிவாக ஒன்றும் பேசவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். கச்சான் காற்று எழும்பி, கடல் ஒரு வள்ளத்தையும் விடவில்லை. அடுத்த நாள் பெரியாஸ்பத்திரியில் டொக்டர், அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டதென்றார். "நேற்றுக் கொண்டுவந்திருக்கலாமே, அம்மா" என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவான குரல்தான் என்னை இருக்க விடுகிறதில்லை.

அண்ணனுக்கு நான் எழுதியது இது: "'அவரைக் கவனமா இருக்கச் சொல்லு' எண்டவள்." நீ சொல்லாததை உன் வாயில் வைத்தேன். உண்மையை எழுதினால், அந்தச் சொல்லை அனுப்பியது தானென்று அவர் அங்கே பனிக்குள் தனியே இருந்து உருகுவாரே என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி, என்னுடைய எட்டுப் புள்ளியை அவர் அறியக் கூடாதென்ற பயம். இப்போது அவர் அந்தப் பொய்யைப் படுக்கைத் தலைமாட்டில் ஒட்டிவைத்து, வேலைக்குப் போகமுன் வாசிக்கிறாராம்.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட சுகி, "மாமி, வயிறு நோகுது" என்றாள். நான் கேள்வி கேட்கவில்லை. செருப்பும் போடவில்லை. எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினேன். கல்மதிலுக்கு மேலால் சனம் எட்டிப் பார்த்தது. லோஞ்ச்காரர் கயிற்றை அவிழ்த்த கையோடு நின்றுவிட்டார். அப்போதுதான் அவள் என் காதுக்குள், "மாமி, காலமை ஒளிச்சுப் பச்சை மாங்காய் திண்டனான். அதுதான்" என்றாள். பிறகு கோபமாக, "ஒருக்காத்தானே சொன்னனான், ஏன் இப்பிடி ஓடுறியள்?" என்றாள்.

"ஒருக்காச் சொன்னால் போதும், பிள்ளை" என்றேன். சொன்னதும் அந்த இடத்திலேயே குந்தி, உன்னைப் பறிகொடுத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதேன். சுகிதான் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு எழுதினேன். தேங்காய், லோஞ்ச் ஊதல், எட்டுப் புள்ளி, நீ உண்மையாகவே கடைசியாய்ச் சொன்னது எல்லாம் எழுதினேன். அவர் என்னோடு பேசாமல் விட்டாலும் விடட்டும். கடைசி வரி இது: "அண்ணை, உங்களிட்ட வாற பிள்ளை நோகுதெண்டு ஒருக்காச் சொன்னாலே காணும். கையில இருக்கிறதைப் போட்டிட்டு எழும்பிப் பாருங்கோ."

நாளைக் காலை லோஞ்சில் அந்தக் கடிதம் போகும். ஊதல் கேட்க முன்னமே நான் துறையில் நிற்பேன், ராணி. இது வசனமில்லை.

புள்ளி போட்ட கையால் எழுதும்,
உன் மச்சாள் தவம்