மூன்று நாடாக்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள ஸ்டோர்காரருக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. மாமா நலம். உங்கள் அப்பா அல்லவா, அவருக்கு ரேடியோ எவ்வளவு வைத்தாலும் சத்தம் போதவில்லை, அவ்வளவுதான். போனில் பேசும்போது அவர் பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கிறார், மனம்விட்டு ஒன்றும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் கடிதம்.

கர்ப்பப்பை ஆபரேஷனில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால் இடது காலில் நீர் தேங்கலாம் என்று டாக்டர் அன்றே சொன்னாரே, அது இப்போது தொடை வரை ஏறிவிட்டது. மாமாவுக்குக் கை கால் நீட்டிவிட வரும் பிசியோ அம்மா பார்த்துவிட்டு, தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் வந்து இரண்டு வாரம் தங்கச் சொல்கிறார். தினமும் கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்கி, அதன் பிறகு அளவெடுத்து அழுத்தக் காலுறை மாட்டிவிடுவார்களாம். படுக்கையில் கிடப்பவரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி நாற்பது நாளாகிறது. ஜன்னலில் தெரியும் பஸ் ஸ்டாப்பில் யார் எந்த பஸ்ஸில் ஏறுவார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

ஏப்ரலில் லீவு போட்டு வருகிறீர்கள் அல்லவா? அந்த இரண்டு வாரம் போதும் எனக்கு.

உங்கள்
வாயாடி

*

பிப்ரவரி 21

அன்பு வாயாடிக்கு,

கடிதம் கண்டு மனசே சரியில்லை. எண்ணெய் எடுக்கும் இந்த மேடையில் ஸ்டோர் பார்க்கிறவனுக்கு நாலு பக்கமும் கடல்தான், நினைத்தவுடன் ஓடி வர முடிகிறதா? ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. போன வாரம் சாமான் எடுக்கக் கரைக்குப் போனபோது மருந்துக்கடையில் அந்தக் காலுறையை வாங்கி அனுப்பியிருக்கிறேன். மீடியம் சைஸ். கடைக்காரன் கால் அளவு கேட்டான். என்னிடமா கேட்கிறாய் என்றேன். கல்யாணத்துக்கு முன்பு கண்ணளவிலேயே உனக்குச் செருப்பு வாங்கி வந்தவன் நான். பொருந்தியதா இல்லையா?

லீவு பற்றி மேனேஜரிடம் பேசுகிறேன். அதற்குள் அப்பாவை அக்கா வீட்டில் விடுகிறேன் என்று கிளம்பிவிடாதே. அப்புறம் அத்தான் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

உன்
ஸ்டோர்காரன்

*

மார்ச் 9

அன்புள்ள ஸ்டோர்காரருக்கு,

காலுறை வந்து சேர்ந்தது. கச்சிதமாக இருக்கிறது. உங்கள் கண்ணுக்குத்தான் சுற்றிப்போட வேண்டும். மாமாவிடம் காட்டினேன். "எம்புள்ள வாங்குனா சும்மாவா?" என்று ரேடியோவை விடச் சத்தமாகச் சொன்னார்.

லீவு என்ன ஆயிற்று?

உங்கள்
வாயாடி

*

மார்ச் 25

அன்பு வாயாடிக்கு,

கச்சிதம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் படித்த பிறகுதான் சோறு இறங்கியது. உடனே இன்னும் மூன்று ஜோடி அனுப்பிவிட்டேன், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள். அவசரம் தீர்ந்துவிட்டதால் ஏப்ரல் லீவை வெல்டருக்கு விட்டுக் கொடுத்துவிட்டேன். பாவம், பெற்ற மகளைப் பார்த்து மூன்று வருஷமாம். நாம் டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

உன்
ஸ்டோர்காரன்

*

ஏப்ரல் 12

அன்புள்ள உங்களுக்கு,

கச்சிதமாக இருக்கிறது என்று எழுதியது பொய். ஆசை ஆசையாக வாங்கி அனுப்பியதைக் குறை சொல்ல வாய் வரவில்லை. முட்டிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றதை இழுத்து ஏற்றி, மேல் விளிம்பை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். விரல்கள் மரத்துப் போயின. பிசியோ அம்மா வந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இத மடிச்சா விடுவாங்க? அடியில இறுக்கமா இருந்து, மேல போகப் போக லேசாகணும். அப்பதான் நீர் மேல ஏறும். நீங்க மேலயே கயிறு கட்டி வெச்சிருக்கீங்க. முட்டிக்குப் பின்னாடி பாருங்க, சுருண்டு சதைய அறுத்திருக்கு. விரல் மரத்தா ஒடனே கழட்ட வேணாமா?"

முன்பை விட இப்போது வீக்கம் அதிகம். அந்த ஒரு வார்த்தைக்காக லீவையே தூக்கிக் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வாயாடி என்று பேர் வாங்கிய நான், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் என்னை நானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டேன். கோபம் உங்கள் மேலா என் மேலா என்று தெரியவில்லை. அழுகை மட்டும் வருகிறது.

இதோடு மூன்று நாடாத் துண்டுகள் வைத்திருக்கிறேன். கணுக்கால், கெண்டைக்கால், தொடை என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். என் காலைச் சுற்றி வெட்டியவை. உங்கள் காலில் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பார்த்துவிட்டு லீவைப் பற்றி எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி

*

மே 2

அன்பு வாயாடிக்கு,

அசடே, இதை முதலிலேயே அனுப்பியிருந்தால் இத்தனை கஷ்டம் உண்டா? மூன்று நாடாவையும் மேஜையில் வைத்து ஸ்கேலால் அளந்துவிட்டேன். காலில் சுற்றிப் பார்க்கவெல்லாம் நேரம் இல்லை, ஸ்டோரில் வருஷக் கணக்கெடுப்பு நடக்கிறது. நாலு கம்பெனியில் விசாரித்து, இருப்பதிலேயே பெரிய சைஸை ஆர்டர் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை தப்பவே தப்பாது.

லீவு டிசம்பர்தான். அப்பாவைப் பார்த்துக்கொள். உன் கைச் சோற்றைத் தவிர வேறு யார் போட்டாலும் அவருக்கு இறங்காது.

உன்
ஸ்டோர்காரன்

*

ஜூன் 6

அன்புள்ள உங்களுக்கு,

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று பிசியோ அம்மாவும் வீட்டில் இருந்தார். பெரிய சைஸ் வருகிறது என்றேன். "வீங்குன காலுக்கு அளவெடுத்தா வீக்கத்துக்குத்தான் சட்டை தெச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். மாமா கூப்பிட்டு, கடிதத்தைப் படிக்கச் சொன்னார். எதையும் மறைக்காமல் படித்தேன். முடித்ததும் ரேடியோவை நிறுத்தச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"சுத்திப் பாக்கலியா அவன்?"

"இல்ல மாமா. நேரம் இல்லியாம்."

"பெரியவளுக்குப் போன் போடும்மா. அவ போடுற சோறும் எனக்கு எறங்கும்."

உங்கள் அக்காவும் அத்தானும் மறுநாளே வந்துவிட்டார்கள். உங்கள் அத்தான்தான் ஆள் பிடித்து மாமாவை நாற்காலியோடு இறக்கித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை நாள் யாருக்குப் பயந்து இருந்தோம் என்று இருந்தது எனக்கு. நான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

இரண்டு வாரம் கட்டுப் போட்டதில் கால் வீக்கம் பாதி இறங்கிவிட்டது. இன்று காலை எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன்பே, பாதத்திலிருந்து தொடை வரை எட்டு இடத்தில் அளவெடுத்தார்கள். காலுறை தயாராகி வரும் வரை கட்டோடு இருக்க வேண்டும். வந்ததும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அதைச் சுருக்கமில்லாமல் நீவி ஏற்றப் பழகிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் ஆர்டர் போட்ட பார்சலை வாங்க வீட்டில் ஆள் இல்லை. அந்த மூன்றாவது மாடிக்கு நான் இனி ஏறப்போவதும் இல்லை. கீழ்த்தளத்தில் வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்ததும் விலாசத்தை மாமாவிடம் கொடுத்துவைப்பேன். அதை உங்களுக்குக் கடிதத்திலோ போனிலோ சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், சரி என்றார். வேண்டுமென்றால் நீங்கள் உங்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வருவதாக இருந்தால் அந்த மூன்று நாடாவையும் கொண்டு வாருங்கள். அதற்கு முன்பு ஒரு தடவை உங்கள் காலில் சுற்றிப் பாருங்கள்.

வாயாடி