கோல் அடித்தது சுப்பையா அல்ல

என் உயிருக்கு உயிரான அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. நம் செராஸ் பிளாட் வீட்டில் உன் கட்டிலை யாரையும் எடுக்க விடவில்லை. உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நல்ல செய்தியாக வந்து என் கையில் கெட்டுப்போனது.

பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக் காற்பந்துக் குழு நம் வாலிபத்தில் இரண்டாம் டிவிஷன் கோப்பையை ஜெயித்ததே, அந்தப் பதினொரு பேருக்கும் குழுவின் மண்டபத்தில் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். வருகிற ஞாயிறு திறப்பு. ஓடிப்போய்ப் பார்த்தேன். கோல் அடித்தவர் என்ற இடத்தில் சுப்பையா என்று இருந்தது.

"அங்கிள், பழைய டீம் ஷீட்ல அப்படித்தான் இருக்கு லா. உங்க அண்ணன் பேரு எங்கேயும் இல்ல," என்றார் குழுவின் இப்போதைய செயலாளர்.

எப்படி இருக்கும்? பட்டறையில் வேலை செய்பவர்கள்தான் பட்டறைக்கு ஆடலாம். உனக்கு அங்கே வேலை இல்லை. அங்கே வேலை பார்த்த சுப்பையாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அவர் பெயரில் உன்னை இறக்கினார்கள். கிள்ளான் கிடங்குக் குழுவுக்கு நீ ஆறுமுகம். ரவாங் தோட்டத்துக்கு ஜோசப். பன்னிரண்டு வருஷம் லோரியின் பின்னால் ஏறிப் போய் ஊரான் பெயர்களில் ஆடினாய். "அடுத்த மாசம் வேலை போட்டுடலாம், மாணிக்கம்," என்று எல்லா மேனேஜரும் சொன்னார்கள். கால் கெட்டபின் எவனும் சொல்லவில்லை.

அந்த ஷீட்டை எழுதியது நான். பள்ளிக்கூடம் போகாமல், கடைப் பலகைகளைப் பார்த்தே ஆங்கில எழுத்துக் கற்றவன் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சுப்பையா பெயரை அழகாக எழுதி உன்னிடம் காட்டினேன். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சிரித்தாய். "எழுதுடா. பேரா ஓடப் போவுது? காலுதானே."

அன்று ஏன் நீ என்னை அறையவில்லை?

அந்தக் குழுவில் சுப்பையாவைத் தவிர எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நேற்று பண்டமாரானுக்குப் போனேன். அவர் அங்கே தன் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அன்று ஆடியது நீதான் என்று அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். எழுதிக் கொண்டுபோன தாளை நீட்டினேன். கட்டிலுக்கு மேலே, அவர் பெயர் போட்ட அந்தக் கோப்பைச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள்.

வெகுநேரம் படித்தார். "நான் கேட்டேனா, தம்பி? நீ எழுதின பேருதானே," என்று கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பித் தந்தார்.

மகள் வாசல்வரை வந்தாள். "சித்தப்பா, அப்பாவுக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். விட்டுடுங்களேன்."

"எங்க அண்ணனுக்கு அதுகூட இல்லையேம்மா," என்றேன். அவள் அழுதாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று காலை செயலாளரிடம் முழுவதையும் சொன்னேன். "அங்கிள், அப்படின்னா ஆள் மாத்தி ஆடினதா ஆயிடும். கோப்பையே நம்மளது இல்லன்னுடுவாங்க. மத்த பத்து பேரு என்ன பாவம் செஞ்சாங்க?" என்று கேட்டார்.

அந்தப் பத்துப் பேரின் பிள்ளைகள் ஞாயிறன்று வருவார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன், அண்ணே? விழிக்காமல் வீட்டில் கிடந்தால் உன் கட்டிலை எப்படிப் பார்ப்பேன்? நீயாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாய். எனக்கு அது வராது.

ஞாயிறன்று போவேன். பழைய ஷீட் போலவே ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். எண்பத்தெட்டு வயதுக் கை, எழுத்தெல்லாம் கோணல். பலகையின் துணியை விலக்கும் முன் எழுந்து, பொய் எழுதியவன் நான் என்று சொல்லிவிட்டுப் பதினொரு பெயரையும் வாசிப்பேன். வெளியே தள்ளினால் வாசலில் நின்று வாசிப்பேன். இந்தத் தடவை மாணிக்கம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உன் பெயரைத் தன் கையாலேயே மறைத்த தம்பி,
கண்ணப்பன்