பீச்சில் நீ தோண்டிய ஊற்று

குருவி,

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தேன். ஓட்டை முறத்துக்குப் பின்னால் உன் பாட்டில் இருந்தது. பட்டணத்துக் கடலில் முக்கி எடுத்து, வாயில் துணி அடைத்து, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் நீ கொண்டுவந்த மருந்து பாட்டில். இப்போது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அடைத்த துணி அடைத்தபடிதான் இருக்கிறது. தண்ணீர் எந்த வழியாகப் போயிற்றோ. நீ போயும் ஆறு வருஷம் ஆயிற்று.

எனக்கு மூன்றாம் கிளாஸ் எழுத்துதான். நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். யாரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை. உன் அண்ணனிடம் சொல்லவே முடியாது.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் ஆம்பூருக்கு வந்த மறு வாரமே என்னை உன்னோடு தோல் ஷாப்புக்கு அனுப்பினார்கள். பச்சைத் தோல் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். கெட்டுப்போகாமல் இருக்க அதில் அப்பியிருக்கும் உப்பை உதறிக் கூட்டி வாரிப்போடுவதுதான் பொம்பளைகள் வேலை. உள்ளங்கை பாளம் பாளமாக வெடிக்கும். அந்தக் கையால் குழம்புச் சோற்றைப் பிசைந்தால் உயிர் போகும். நீதான் முதல் நாளே சொன்னாய், "இடது கையை நம்பாதே அண்ணி, அதுவும் வெடிக்கும்" என்று.

ஒருநாள் கூட்டிய உப்பின் மேலேயே குந்திக்கொண்டு கேட்டாய். "இவ்ளோ உப்பு எங்கேர்ந்து வருது அண்ணி?"

"கடல்லேர்ந்து."

"அப்ப அதை நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை கேக்கணும்."

அந்த ரம்ஜானுக்கு ஷாப்பை மூன்று நாள் மூடினார் முதலாளி சாயபு. நச்சரித்து நச்சரித்து உன் அண்ணனைச் சம்மதிக்க வைத்தாய். மூன்று பேரும் ரயில் ஏறினோம். பட்டணத்தில் தெரிந்தவர் வீட்டில் மூட்டையை வைத்துவிட்டு, சாயங்காலம் பீச்சுக்குப் போனோம்.

என்ன கூட்டம். ரோட்டோரம் மோட்டார் வண்டிகள் வரிசையாக நின்றன. துரைசானிகள் சின்னச் சின்ன நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எங்கேயோ பேண்டு வாசித்தார்கள். நாம் மூன்று பேரும் செருப்பில்லாத காலோடு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். தோல் ஷாப்பு ஆட்களின் காலில் செருப்பு இல்லை என்று அதற்கும் நீ சிரித்தாய்.

"எல்லாரும் காத்து வாங்க வந்திருக்காங்க" என்றார் உன் அண்ணன்.

"படியிலயா, வீசையிலயா?" என்று கேட்டாய். சுண்டல் விற்றவர் அதைக் கேட்டுவிட்டு உனக்கு ஒரு கை அதிகம் போட்டார்.

கடலைப் பார்த்து நீ மலைத்துப்போவாய் என்று நினைத்திருந்தேன். நீ மணலைத்தான் பார்த்தாய். "நம்ப பாலாறு மாதிரியேதான் இருக்குது அண்ணி. அங்க தண்ணி கீழே இருக்குது, இங்க மேலே வந்துடுச்சு, அவ்ளோதான்."

சுண்டல் தின்றதும் உனக்குத் தாகம். குழாய் எங்கே என்று உன் அண்ணன் பார்க்கப் போனார். நீ யாரையும் கேட்கவில்லை. பாலாற்றில் எப்படியோ அப்படியே மண்டிபோட்டு, இரண்டு கையாலும் மணலை வாரி ஊற்று தோண்டினாய். முழங்கை ஆழம் போனதும் தண்ணீர் சுரந்தது. முதல் தண்ணீர் கலங்கல் என்று இறைத்துக் கொட்டினாய். தெளிகிற வரைக்கும் பொறுத்திருந்து, இரண்டாவது தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தாய். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்.

"துப்பு, துப்பு" என்றேன்.

துப்பிவிட்டுச் சொன்னாய். "அண்ணி, இங்கயும் தோலை ஊறவெச்சிருக்கானுங்க."

மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்தாள். "இன்னாம்மே, கடல்ல ஊத்து தோண்டறியா? எந்த ஊரு நீ? மேலே எங்க குப்பத்தாண்ட வந்து தோண்டு. தேனா வரும்" என்றாள்.

நீ உடனே எழுந்துவிட்டாய். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். உப்புக் கடலை ஒட்டிய மணலில் நல்ல தண்ணீர் எப்படி வரும்? "உங்க அண்ணன் தேடுவாரு, வா" என்று உன் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய். அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் கேட்பாய், "அந்தம்மா சொன்னது நெசமா இருக்குமா அண்ணி?" என்று.

மூன்றாவது கோடையில் நம் தெருவில் வாந்திபேதி வந்தது. எதிர்வீட்டுக்கு முதலில், அப்புறம் உனக்கு. காலையில் ஆரம்பித்தது, மத்தியானத்துக்குள் உன் கன்னம் ஒட்டிவிட்டது. தண்ணீர் தண்ணீர் என்றாய். தெருவே வாசலில் நின்று சொல்லிற்று, தண்ணீர் மட்டும் கூடாது என்று. உன் அண்ணன் அழுதுகொண்டே சொன்னார். "குடுக்காதே. குடுத்தா ஜாஸ்தியாயிடும். எனக்கு இவ ஒருத்திதான் தங்கச்சி." அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அதைத்தான் நம்பினேன். ஈரத்துணியால் உன் உதட்டைத் துடைத்தேன். அந்தத் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சினாய். நான் பிடுங்கினேன்.

அப்போது சொன்னாய். "உப்புத் தண்ணியா இருந்தாலும் பரவால்ல அண்ணி."

வீட்டு மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தின் மேலேயே உன் கண் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தானே உனக்குத் தாகம் கூடுகிறது என்று நினைத்தேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இரு குருவி, தோ வர்றேன்" என்று வெளியே போனேன். பின்சுவர் ஓரம் குடத்தை இறக்கிவைத்து, நீ கூப்பிடுவது காதில் விழக் கூடாது என்று முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெறுங்கையோடு உள்ளே வந்தபோது நீ வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தபடி போயிருந்தாய்.

மறு வருஷம் என் பிரசவத்துக்கு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உன் கதையை ஒரு நர்சம்மாவிடம் சொன்னேன். "தண்ணியே குடுக்காமலா விட்டீங்க?" என்றார். வாந்திபேதியில் உடம்பில் இருக்கிற தண்ணீரும் உப்பும் போய்விடுவதால்தான் ஆள் போய்விடுகிறதாம். அங்கே வருகிறவர்களுக்கு உப்புத் தண்ணீரைத்தான் ஊசி வழியாக நரம்பில் ஏற்றுகிறார்களாம். பிழைத்து எழுந்து நடந்து போகிறார்களாம். அந்தம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதுல்ல." தெரியாதுதான். தெரியாததால் நீ திரும்பி வந்துவிடப்போகிறாயா?

இன்றைக்கும் ஷாப்பில் உப்புதான் உதறுகிறேன். காலையில் பாலாற்றில் ஊற்றைத் தோண்டினால், கலங்கலை இறைத்துவிட்டு வருகிற முதல் தெளிந்த தண்ணீரை நான் குடத்தில் ஊற்றுவதில்லை. மணலிலேயே ஊற்றிவிடுகிறேன். அது உன்னிடம் வந்து சேராது, எனக்குத் தெரியும். மணல் குடித்துவிடுகிறது. கை கேட்க மாட்டேன் என்கிறது, ஊற்றுகிறேன்.

பாட்டிலைக் கழுவவில்லை. திரும்பவும் பரணில் வைத்துவிட்டேன்.

ஒன்றுதான் கேட்க வேண்டும் குருவி. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேனே, அப்போது உனக்குத் தண்ணீர் கொண்டுவரத்தான் போகிறேன் என்று நினைத்தாயா?