கயிற்றின் கடைசி முடிச்சு

கூடப்பிறந்து கூடவே அடுப்பூதிய என் அண்ணாவுக்கு,

ஊர் திரும்பிவிட்டது. வேலூர்க் கடைத்தெருவில் மறுபடி மாட்டுவண்டிச் சத்தம் கேட்கிறது. நம் கிளப்புக் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் நேற்றுத்தான் உத்தரவு கொடுத்தார். இலைக்கும் இலைக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி, தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், இப்படி ஆயிரம் நிபந்தனை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய சேதி இதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுற்றி வளைக்கிறேன்.

எலிகள் செத்து விழுந்து, பிளேக் என்று எல்லோரும் ஊரை விட்டுக் காட்டில் குடிசை போட்டபோது, கடைக்கும் சேர்த்துத்தானே குடிசை போட்டோம். பந்தி கூடாது, யாரும் கிட்டே வரக்கூடாது என்றார்கள். அப்போது நீங்கள் செய்த யோசனையை இப்போது நினைத்தாலும் மெச்சத் தோன்றுகிறது. இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கயிறு. அதில் வாழை இலைப் பொட்டலங்கள். பேர் எழுதினால் பாதிப் பேருக்குப் படிக்க வராது என்று, வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் வாழைநாரில் ஒரு முடிச்சு வைத்தீர்கள். உச்சிவேளைக்கு முன் தொங்கவிட்டு நாம் ஒதுங்கிவிடுவோம். ஒவ்வொருவராய் வந்து எடுத்துப் போவார்கள். பொட்டலம் மூன்று நாள் எடுக்கப்படாமல் இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். அந்தக் கணக்கும் உங்களுடையதுதான்.

கொடிக்காலில் வெற்றிலைக் கட்டு கட்டும் செங்கோடனின் பொட்டலம் இரண்டு நாள் அப்படியே தொங்கியது. மூன்றாம் நாள் காலையில் நீங்கள் அவருக்குக் கட்டவில்லை. அரிசி மூட்டையின் அடிக்கு வந்துவிட்டது, வேறென்ன செய்வீர்கள்? அன்று சாயங்காலமே உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. எனக்கு ஒட்டிவிடக் கூடாது என்று தனிக் குடிசைக்குப் போய்விட்டீர்கள். பிடிவாதத்தில் உங்களை மிஞ்ச ஆள் உண்டா! உங்கள் சாப்பாட்டையும் கயிற்றிலேயே தொங்கவிட்டேன், கடைசி ஆளாக. இடக்கைப் பழக்கத்தில் நீங்கள் போடும் நொட்டாங்கை முடிச்சு எனக்கு வரவே வராது, அழுதுகொண்டே பழகினேன்.

குடிசைக்குள்ளிருந்து நீங்கள் கத்தியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "இன்னொரு நாள் பொறுத்திருக்கோணும் அம்மணி. செங்கோடனுக்கு ஒரு நாள் முந்தியே நிறுத்திப் போட்டேன்."

வியாழக்கிழமை உங்களை எரித்தோம். குடிசையையும் அன்றே கொளுத்தச் சொன்னார்கள், கொளுத்திவிட்டோம்.

வெள்ளிக்கிழமை என் கைகள் பழக்கத்தில் உங்களுக்கும் ஒரு பொட்டலம் கட்டிவிட்டன. தொங்கவிட்ட பிறகுதான் உறைத்தது. அவிழ்க்க மனம் வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பொட்டலம் இல்லை. அது தொங்கிய இடத்தில் வெறும் நார் மட்டும் இருந்தது. அதில் உங்கள் நொட்டாங்கை முடிச்சு. நான் போட்டதுபோல் கோணலாக இல்லை, நீங்களே போட்டதுபோல் இறுக்கமாக.

மறுநாளும் கட்டினேன். மறுநாளும் நார் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கயிற்றை அறுத்துவிடுவார்கள், உங்களுக்குச் சோறு போடுவதை நிறுத்தச் சொல்வார்கள் என்று பயம். பைத்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காற்றே இல்லை. இருந்தும் கயிறு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தலையில் கம்பளி போர்த்திய ஓர் உருவம் வந்து உங்கள் பொட்டலத்தில் கை வைத்தது. "அண்ணா" என்றேன். குரல் வெளியே வந்ததோ இல்லையோ, அது திரும்பியது.

செங்கோடன்.

ஆள் இல்லை என்று நாம் தீர்த்துவிட்ட செங்கோடன்! எலும்பும் தோலுமாக நின்றார்.

"பயப்படாதீங்க அம்மணி, நாந்தானுங்க. காச்சல் உட்டுப்போச்சு. எந்திரிச்சு வந்து பாத்தா கவுத்துல என்ற முடிச்சக் காணோம். செரி, நம்மள மறந்துட்டாங்கன்னு திரும்பி நடந்தேன். அண்ணந்தானுங்க கூப்புட்டாரு."

"எந்த அண்ணன்?"

"நம்ம அண்ணந்தானுங்க. குடிசைப் பக்கமிருந்து சத்தம் போட்டாரு, கிட்டப் போகக்கூடாதுன்னு நான் அந்தப் பக்கமே பாக்கலீங்க. 'ஏப்பா செங்கோடா, கடைசீல தொங்குது பாரு, என்ற பேர்ல எடுத்துக்கோ'ன்னாரு. எடுத்துக்கிட்டது அவருக்குத் தெரியட்டுமேன்னு அவரு முடிச்சாவே போட்டு வெச்சேன். வெத்தலக் கட்டு கட்டற கை, ஒருக்காப் பாத்தாப் போதுமுங்க."

"அது என்னிக்கு?"

"வெள்ளிக்கெழமைங்க."

அவர் உங்கள் குடிசைப் பக்கம் திரும்பி, "அண்ணனுக்கு இப்ப தேவலீங்களா?" என்று கேட்டார். அங்கே கறுத்த மண்ணும் சாம்பலும்தான் கிடந்தன. அதைப் பார்த்ததும் அவரே புரிந்துகொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காய்ச்சல் விட்ட மூளைக்கு எதுவும் கேட்கும் என்கிறார் இன்ஸ்பெக்டர். இருக்கலாம். அப்படியென்றால் கடைசியில் தொங்குவது உங்கள் பொட்டலம் என்று காய்ச்சலில் கிடந்தவருக்கு எப்படித் தெரிந்தது, அது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தானே தெரியும்?

அண்ணா, செங்கோடன் பிழைத்துவிட்டார். இதைச் சொல்லத்தான் இவ்வளவும். உங்கள் கையால் யாரும் சாகவில்லை. இன்று மத்தியானம் கடையில் அவர் பழைய மூலையிலேயே உட்கார்ந்து, மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரசத்தில் உப்பில்லை என்று குறை வேறு.

இன்றும் காட்டுக்குப் போய், ஆளில்லாத அந்தக் கயிற்றில் உங்கள் பொட்டலத்தைத் தொங்கவிட்டு வந்தேன். பொழுது சாய்வதற்குள் போய்ப் பார்த்தேன். முதன்முறையாக அது அப்படியே தொங்கியது.

நாளைக்கும் கட்டிக்கொண்டு போவேன். நாளை மறுநாளும் போவேன். மூன்று நாள் முழுசாகப் பொறுத்திருப்பேன் அண்ணா, ஒரு நாள்கூட முந்தி நிறுத்த மாட்டேன்.

உங்கள் முடிச்சை இன்னும் கோணலாகவே போடும்,
தங்கை