சுத்தமா எடுத்து வை

என்னங்க,

சாப்பாடு மேஜை மேல மூடி வெச்சிருக்கேன். வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.

மூணு நாளா உம்முனு இருக்கீங்களே, அதனால எழுதியே கேட்கறேன். "தரம் பார்க்க அனுப்பணும், நான் சேர்த்து வெச்ச பழைய நாணயத்தையெல்லாம் சுத்தமா எடுத்து வை"ன்னு சொன்னது யாரு? பல்பொடியும் பழைய பிரஷும் வெச்சு மத்தியானம் முழுக்கத் தேய்ச்சேன். என் நகமெல்லாம் கறுத்துப் போச்சு. இப்ப வந்து, 'சுத்தமா'ன்னா 'ஒண்ணு விடாம'ன்னு அர்த்தமாம். அதை அப்பவே சொல்றதுக்கு என்ன? தேய்ச்ச நாணயத்துக்குத் தரம் பார்க்கறவங்க மார்க்கே போடமாட்டாங்க, அனுப்பற செலவு தண்டம்னு நாணயக் கடைக்காரர் சொன்னா, அதுக்கு நானா பொறுப்பு? அழுக்கா இருந்தாதான் மதிப்புன்னு எனக்கு யாரு சொன்னாங்க?

நாலு மணிக்கு அந்தக் கடைக்காரர் வர்றார். அனுப்பறதா வேண்டாமான்னு அவர்கிட்டயாவது வாயைத் திறந்து சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் தேய்க்கலை. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எனக்குக் குடுத்தீங்களே, அது. என் பர்ஸ்ல அழுக்காவே இருக்கு. தரம் பார்க்க அதைத் தரமாட்டேன், கேட்காதீங்க.

இன்னொண்ணு. நான் வர்றதுக்குள்ள கோபத்தைச் சுத்தமா விட்டுடுங்க. எந்தச் சுத்தம்னு இந்தத் தடவை நீங்க கண்டுபிடிங்க.